நான் அழித்த ஒரு வரி

மூன்று வருடங்களுக்கு முன், ஒத்தக்கடையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடராக இருந்தபோது நடந்தது இது. கல்லூரிகளுக்கு மதிப்பெண் பட்டியல் தயாரித்துக் கொடுப்போம். மார்க் விவரங்களை அச்சுப் பக்கமாக மாற்றும் விதிகளை எக்ஸ்எஸ்எல்டி என்ற மொழியில் எழுதி வைத்திருப்போம்.

அந்தக் கோப்பை எழுதியவர் என் டீமில் இருந்த ஒரு பெண். குழந்தை பிறந்து நான்கு வருடம் கழித்து, வீட்டில் சண்டை போட்டு வேலைக்கு வந்தவர். ஆனையூரிலிருந்து பஸ் மாறி வருவார். அவரை நிரந்தரமாக்க ஒரு வாரம்தான் பாக்கி.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் அடுக்கி வைக்காவிட்டால் கை அரிக்கும். அவருடைய கோப்பைத் திறந்து வேரியபிள்களை, அதாவது ஒவ்வொரு கணக்கையும் பெயர் கொடுத்து வைத்திருக்கும் வரிகளை எல்லாம் அகரவரிசையில் அடுக்கினேன். அந்த மொழியில் எதை முதலில் எழுதினாலும் ஒன்றுதான் என்று படித்திருந்த திமிர். மொத்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், 'இது மேலயே இருக்கட்டும், கீழ இறக்காதீங்க' என்று ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு இருந்தது. ஆபீஸ் கோப்பில் வீட்டுப் பேச்சா என்று அதையும் அழித்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

என் கணினியில் சரியாகத்தான் ஓடியது. ஆனால் கல்லூரிக்கு அனுப்பும்போது வேகத்துக்காகக் கம்பைல் செய்து, அதாவது முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றி ஓட்டுவோம். எங்கள் கம்பைலர் சில இடங்களில் எழுதிய வரிசையிலேயே கணக்குப் போட்டுவிடும். அது அந்தப் பெண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மொத்தம் கீழே போய்விட்டதால், அதைப் பார்த்துப் போடும் தேர்ச்சிக் கணக்குக்கு மதிப்பெண்ணே கிடைக்காமல் அத்தனை மாணவர்களும் பெயில். மாதிரிப் பிரதியைப் பார்த்த கல்லூரிக்காரர்கள் போனிலேயே கிழித்தார்கள்.

யார் வேலை என்று மேலாளர் கேட்டார். அன்று காலை அந்தப் பெண்ணும் ஒரு வரி சேர்த்திருந்தார். அவரைக் கை காட்டிவிட்டேன். யார் எந்த வரியை மாற்றினார் என்று காட்டும் மாற்றப் பதிவைத் திறந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

"நான் வரிசையைத் தொடலண்ணே" என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை பிழையைத் தேட உட்கார்ந்தேன். அவர் சேர்த்த வரியை எடுத்துப் பார்த்தேன், சரியாகவில்லை. பிறகுதான் பதிவைத் திறந்தேன். அழித்த குறிப்பு சிவப்பில் தெரிந்தது, பக்கத்தில் என் பெயர். மொத்தத்தை மேலே ஏற்றியதும் பட்டியல் சரியாக வந்தது.

மேலாளரிடம் சொன்னேன்.

"விடு மாப்ள, அனுப்பியாச்சு. இப்பப் போயி நீதான்னா நம்ம மானந்தான் போகும்" என்றார்.

சரி என்றேன். என்னை நானே காறித் துப்ப வேண்டிய 'சரி' அது.

ஒரு மாதம் கழித்துத்தான் அவருக்குப் போன் செய்யத் துணிச்சல் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. பதிவுல உங்க பேரு இருந்துச்சு. நீங்களே சொல்லிருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

வேறு வேலை தேடுகிறீர்களா என்றேன். இனி வீட்டில் விடமாட்டார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் எங்கே பிழை வந்தாலும் முதலில் என் கையைத்தான் சந்தேகப்படுகிறேன். எனக்கு வந்த இந்தப் புத்தியால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.