பூந்தியோட மூணு காலும் அறுப்பு மெஷின் டிரைவரும்

இன்னைக்குக் காலைல அறுப்பு மெஷின் டிரைவர் பழனி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு.

நாலு மாசத்துக்கு முன்னாடி நான் வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்புன அதே பழனி.

புதுசா படிக்கிறவங்களுக்காக மொதல்லேர்ந்து சொல்லிடறேன். (கொஞ்சம் நீளம். டீ வச்சுக்கிட்டு உக்காருங்க.)

நாங்க திருக்காட்டுப்பள்ளி பக்கம். வீட்டுக்காரருக்கு வயல், எனக்கு வீட்டுலயே தையல். பூந்தி எங்க வீட்டு நாய். நாட்டு நாய்தான், மூணு வயசு. கலரப் பாத்து வச்ச பேரு.

குறுவை அறுப்பு அன்னைக்கு வயல்ல கடைசி மூலை மட்டும் பாக்கி இருந்துச்சு.

சுத்தி அறுத்துக்கிட்டே வந்தா, எலியெல்லாம் அந்த மூலைலதான் போய் ஒளியும். அதுங்கள வெரட்டிக்கிட்டு பூந்தி கதிருக்குள்ள பூந்துட்டா. மேல உக்காந்து ஓட்டுறவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்ல.

அலறல் கேட்டதும் பழனி மெஷின நிறுத்திட்டுக் குதிச்சாரு. தலைல கட்டியிருந்த துண்ட அவுத்து, ரத்தம் நிக்கிற மாதிரி அவ கால இறுக்கிக் கட்டினாரு.

நான் ஓடிப்போய் மொதல்ல புடிச்சது அவரத்தான். "கண்ண எங்கய்யா வச்சிருந்த?"

அதுக்கு மேல பேசினத இங்க எழுத முடியாது. அவரு ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. அவளத் தூக்கிட்டு வந்து லோடு ஆட்டோவுல ஏத்தினதும் அவருதான்.

தஞ்சாவூர்ல டாக்டரம்மா பாத்துட்டு, பின்னங்கால் வலது பக்கம் பாதித் தொடையோட எடுத்தாதான் உசுரு தங்கும்னு சொல்லிட்டாங்க. இவ இனிமே எப்படி நடப்பான்னு கேட்டு அழுதேன்.

"நாய் பழகிக்கும்மா. நீங்க பழகறதுதான் லேட்டாகும்"னாங்க.

அப்ப கோவம் வந்துச்சு. இப்ப யோசிச்சா அவங்க சொன்னது அப்படியே நடந்துச்சு.

வீட்டுக்கு வந்தப்ப கழுத்துல பெரிய பிளாஸ்டிக் கூம்பு, தையல நக்கக் கூடாதுன்னு. (திருவிழாவுக்குக் கட்டுற கொழா ஸ்பீக்கர் மாதிரியே இருந்தா.)

ரெண்டு நாள் எதுவும் தொடல. மூணாவது நாள் கெண்ட மீனு முள்ளெடுத்து சோத்துல பெசஞ்சு ஊட்டுனேன். சாப்பிட்டா. உள்ள ஒளிச்சு வச்ச வலி மாத்திரய மட்டும் தனியா எடுத்து ஓரமா வச்சா.

எந்திரிச்சா டைல்ஸ் தரைல வழுக்கி விழுந்தா. வீடு முழுக்க நெல்லு சாக்க விரிச்சேன். ஒருத்தர் முக்கால் பேண்ட்டா வெட்டித் தரச் சொன்ன ஜீன்ஸ்ல மிஞ்சுன துணிய வச்சு, அவ வயித்துக்கு அடியில குடுத்துத் தாங்குற மாதிரி ரெண்டு கைப்பிடியோட ஒரு பட்டை தச்சேன். ஒண்ணுக்குப் போகணும்னா அதப் புடிச்சுத் தூக்கிக்கிட்டே பின்னாடி நடப்பேன். இடுப்பு போச்சு.

இதுக்கு நடுவுல தினமும் சாயங்காலம் பழனிகிட்டேர்ந்து போன். மெஷினோட ஊர் ஊரா போற ஆளு. ஒரு நாள் மன்னார்குடி பக்கம்னு சொல்வாரு, ஒரு நாள் பட்டுக்கோட்டை பக்கம்னு சொல்வாரு. என் வீட்டுக்காரர்தான் பேசுவாரு. என்கிட்ட நீட்டினா வாங்க மாட்டேன்.

தையல் பிரிச்சு நாலஞ்சு நாள் இருக்கும். பக்கத்து வீட்டுக் கோழி வந்து பூந்தி தட்டுல வாய வச்சுது.

பட்டை என் கைல இருக்கு. பூந்தியக் காணோம்.

மூணு கால்ல தவ்வித் தவ்வி கொல்லைப்பக்கம் வரைக்கும் வெரட்டிட்டா. (கோழிக்கு ஒண்ணும் ஆகல.) திரும்பி வரும்போது அழுதுகிட்டே வீடியோ எடுத்தேன்.

அத மொதல்ல யாருக்கு அனுப்பலாம்னு யோசிச்சப்ப, வீட்டுக்காரர் போன்லேர்ந்து பழனி நம்பர எடுத்தேன். ஏன்னு அப்ப எனக்கே புரியல.

ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. பாதி மெஷின் சத்தம். நடுவுல, "சரிங்கக்கா... சரிங்க." அவ்ளோதான்.

இப்ப சம்பா அறுப்பு. எங்க வயலுக்கு அவரையேதான் கூப்புட்டிருந்தோம். மெஷின ரோட்டுலயே விட்டுட்டு, அந்தச் சத்தத்துக்கு அவ பயந்துடுவாளோன்னு, வீடு வரைக்கும் நடந்தே வந்திருக்காரு.

பூந்தி அவரப் பாத்து நல்லா குரைச்சா. அவரு கிட்ட வராம படியிலயே உக்காந்துட்டாரு. குரைச்சு அலுத்துப்போய் அவளும் கொஞ்சம் தள்ளி உக்காந்தா.

அப்ப அவ தலைய ஒரு பக்கமா சாச்சா. இடுப்புகிட்ட மிச்சமிருக்குற தொடை மட்டும் வெடவெடன்னு ஆடுச்சு.

"என்னக்கா பண்றா?"ன்னு பயந்துபோய்க் கேட்டாரு.

காது அரிக்குதுங்க, கால் இருக்குன்னு நெனச்சு சொரியப் பாக்குறா, அந்தப் பக்கம் நாங்கதான் சொரிஞ்சு விடணும்னேன்.

அவரு மெதுவா கைய நீட்டினாரு. பூந்தி மோந்து பாத்தா. ஒரு தடவ உறுமினா. அப்புறம் காதக் குடுத்துட்டா.

எனக்கு அதுக்கு மேல தாங்கல. நாலு மாசமா வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லாதத அவர்கிட்ட சொன்னேன்.

"அன்னைக்கு இவளக் கட்டித்தான் போட்டிருந்தோம். கத்திக்கிட்டே இருக்காளேன்னு நான்தாங்க அவுத்து விட்டேன்."

பழனி என்னப் பாக்கல. அவ காதத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"தெரியுங்கக்கா. துண்டு கட்டும்போதே பாத்தேன், கழுத்துல பட்டை இருந்துச்சு, சங்கிலி இல்ல."

அன்னைக்கு நான் அத்தன பேச்சு பேசினப்ப, இத ஒரு தடவ சொல்லியிருந்தா நான் வாய மூடியிருப்பேன். சொல்லல. தினம் போன் பண்ணினப்பவும் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லல.

மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன். தலைய மட்டும் ஆட்டினாரு. சொரியுற கை நிக்கவே இல்ல. பூந்தி கண்ண மூடிட்டா.

நம்ம பக்கம் இன்னும் கொஞ்ச நாளைக்கு அறுப்பு ஓடும். நாய் வச்சிருக்கவங்க இதப் படிச்சு முடிச்சதும் எந்திரிச்சுப் போய், சங்கிலி மாட்டியிருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டு வாங்க.