செல்வியின் போனுக்கு ஒரு டிஸ்ப்ளே

"ஏங்க, வரும்போது வத்தல் வாங்கிட்டு வாங்க, மறந்துறாதீக."

என் மனைவி செல்வி தன் செல்போனில் விளையாட்டாகப் பதிந்து வைத்த குரல் இது. அவள் உலகத்தைவிட்டே போய்விட்டாள். போனும் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. பழைய மாடல் என்பதால் விருதுநகர்க் கடை எதிலும் டிஸ்ப்ளே கிடைக்கவில்லை; அது இல்லாமல் அந்தக் குரலைத் திறந்து கேட்க முடியாது.

இன்று பிரவுசிங் சென்டரில் தேடியபோது, ஒருவர் பழைய டிஸ்ப்ளே விற்பதாகப் படத்தோடு போட்டிருந்தார். உடனே பேசினேன்.

"முழுப் பணத்தையும் அக்கவுண்ட்ல போடுங்க சார், கூரியர்ல அனுப்பிடுறேன்."

பேங்க்குக்குக் கிளம்பிய என்னைச் சென்டர்காரர் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, எங்கன போறீக? இதே படத்த வேற வேற பேருல போட்டிருக்கான், பாருங்க."

மறுபடி அழைத்தேன். "வி.பி.பி.ல அனுப்புங்க. தபால்காரர்கிட்ட பணத்தக் கொடுத்து வாங்கிக்கிடுறேன்."

லைனைத் துண்டித்துவிட்டான்.

ஏமாற்றுக்காரன் என்று தெரிந்த பிறகும், ஒருவேளை உண்மையிலேயே வைத்திருப்பானோ என்று திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை.

இந்தப் பதிவோடு நான் போட்டிருக்கும் படத்தில் உள்ள மாடல் போன் உங்கள் வீட்டில் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். நானே பணத்தோடு பஸ் ஏறி வருகிறேன். விற்க மனமில்லையென்றால் இரவலாகக் கொடுத்தாலும் போதும்.

ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் தந்துவிடுவேன் என்று நான் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.