உச்சந்தலையில் ஒரு மூக்கு

"மீனுக்கு எதுக்குலே மூச்சு முட்டுது?"

குளச்சல் கரையில் முஹம்மது ஷரீஃப் இப்படிக் கேட்டபோது, சுற்றி நின்ற ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிறவனுக்கும் தெரியவில்லை.

ஷரீஃப் வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சினைப் பழுது பார்ப்பவர். மூடியைக் கழற்றும் முன் காதை வைத்துக் கேட்பார். எஞ்சின் இரைத்தால், "இவனுக்கும் எனக்க தீனந்தான்" என்பார். சிறுவயது முதலே அவருக்கு இளைப்பு நோய். சட்டைப் பையில் ஸ்பானருக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கும். அதை உறிஞ்சி, மூச்சு உள்ளே இறங்கும்வரை கண்மூடி நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். ஒருதடவைகூட அதைச் சொல்லாமல் விட்டதில்லை. "சோறு பெறவு திங்கலாம். மூச்சு பெறவு ஆகாது பாத்தியா." பஸ் நெய்யூர் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது சீட்டிலிருந்து எழுந்து நிற்பார். போகப் பார்த்த மூச்சு அவருக்குத் திரும்பி வந்தது அங்கேதான்.

அன்று கரையில் நின்று கரமடி வலையை இழுத்தபோது நெத்திலியோடு ஓர் ஓங்கலும் மணலுக்கு வந்துவிட்டது. டால்பினுக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர். முதலில் வாளியோடு ஓடியவர் ஷரீஃப்தான். "வெள்ளம் கோரி ஊத்துங்கலே! மீனு செத்துரும்!"

ஆளாளுக்கு அதன் தலையில் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற அது துடித்தது.

"சந்தோசத்துல சாடுது ஓய்" என்றார் கரமடிக்காரர் பெனின்.

அடுத்த வாளியை ஓங்கிய ஷரீஃப் அப்படியே நின்றார். அதன் உச்சந்தலைத் துளையிலிருந்து ஈரமாக ஓர் இரைச்சல் வந்தது. தன் நெஞ்சுக்குள் அவர் அன்றாடம் கேட்கிற இரைச்சல். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்ட கையோடு அவரே கத்தினார். "நிறுத்துங்கலே! இது அதுக்க மூக்காக்கும். நாம மூக்குலல்லா ஊத்துறோம்!"

"உச்சியில மூக்கா? ஒமக்கு எளப்பு மண்டைக்கு ஏறிட்டு ஓய்."

"செவிய வச்சுப் பாருலே."

பெனின் குனிந்தார். வெதுவெதுப்பான காற்று காதில் அடித்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டது இது: ஓங்கல் மீனே அல்ல. அதுவும் திமிங்கலமும் கடற்பன்றியும் ஒரே கூட்டம். செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். இரத்தம் சூடானது. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். எவ்வளவு ஆழம் போனாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். அந்தத் துளைக்குள் தண்ணீர் போனால் அதற்கும் புரையேறும்.

ஷரீஃப் தோள் துண்டை நனைத்து அதன் முதுகில் போர்த்தினார். மற்றவர்கள் அதை வலையோடு தூக்கினார்கள். அலை அடிக்கும்போதெல்லாம் அவர் இரண்டு கைகளையும் குவித்துத் துளைக்கு அணை கட்டினார். மார்பளவுத் தண்ணீரில் வலையைத் தளர்த்தியதும் ஓங்கல் முங்கியது. வெகுநேரம் காணவில்லை. ஷரீஃபுக்கு நெஞ்சு இழுத்தது. இன்ஹேலரை எடுத்தவர், வாய்க்குக் கொண்டுபோகாமல் கடலையே பார்த்து நின்றார்.

தூரத்தில் "ஃபூ" என்று நீர்த்தூள் எழுந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்கப்புறம்தான் மருந்தை உறிஞ்சினார்.

கடற்கரையில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். ஷரீஃப் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார். எஞ்சின் எடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும், அவர் உச்சந்தலையில் கிரீஸ் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துகிறார்.

"அதுக்க மூக்கு இங்கனயாக்கும். ஊர்ல போயி நாலு பேருட்ட சொல்லணும், கேட்டியா மக்கா?"