நாற்பத்தொரு வண்டி வண்டல்

கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை வெட்டி நிலத்தில் கொட்டுவது மேனாம்பேட்டில் எல்லா வீட்டு வழக்கம். நல்ல இடத்துக்காக வருடத்துக்கு மூன்று சண்டையாவது நடக்கும். எனக்கு ஒன்பது வயதான கோடையில் மட்டும் நாங்கள் யாரோடும் சண்டை போடவில்லை. யாருமே தொடாத மூலை ஒன்றைச் சித்தப்பா கண்டுபிடித்திருந்தார்.

இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீர் ஏரியில் வந்து விழும் மூலை அது. வண்டல் வெண்ணெய் மாதிரி இருந்தது. மேலே மஞ்சளும் பச்சையுமாய் ஓர் ஏடு. பட்டறைக் காவல்காரர் பீடியோடு வந்து நின்றார்.

“இன்னா நைனா, அத்தப் போயி வாரிகினு கீறே? அந்தத் தண்ணில எங்க ஆளுங்க கையெல்லாம் ஓட்ட ஓட்டயா பூடுச்சி.”

“வண்டல்லகூட பங்கு கேக்கச் சொன்னாரா உங்க மொதலாளி?” என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நாற்பத்தொரு வண்டி கொட்டினோம். வண்டிக்கு ஒரு கூழாங்கல் வீதம் எண்ணி வைத்தவன் நான். எங்களுக்கு இருந்ததே அந்த முப்பத்திரண்டு சென்ட் நிலம்தான். ஆறு பேர் அதில் விளையும் கீரையை நம்பி இருந்தோம்.

பதினோரு பாத்தி விதைத்ததில் இரண்டில்தான் முளை வந்தது. வந்ததும் விரற்கடை வளர்ந்து, மஞ்சளாகி, படுத்துவிட்டது. புது மண்ணின் சூடு என்று சித்தப்பா மறுபடி விதைத்தார். இம்முறை அந்த இரண்டு பாத்தியிலும்கூட முளை வரவில்லை. தூண்டிலுக்குப் புழு தேடி நான் பதினான்கு குழி தோண்டினேன், ஒன்றுகூட இல்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் பதினைந்தாவதைத் தம் கையால் தோண்டிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மேல்மண்ணோடு சேர்த்து அள்ளத் தொடங்கினோம். அறுபத்தெட்டு வண்டி. கொண்டுவந்ததைவிட இருபத்தேழு அதிகம்; ஆனாலும் மஞ்சள் போகவில்லை. குரோமியம், நிக்கல், ஈயம் என்று இப்போது பெயர் சொல்கிறார்கள். அன்று எங்களிடம் பெயரும் இல்லை. அந்த நிலத்தில் பிறகு எதுவுமே விளையவில்லை. சித்தப்பா அதே முலாம் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அள்ளிய மண்ணைச் சாலையோரப் புறம்போக்கில் குவித்திருந்தோம். ஒருநாள் நான் அங்கே விளையாடிக்கொண்டிருந்தபோது, தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை.

“யாரு ஊட்டு மண்ணு கண்ணு இது? கொஞ்சம் வாரிக்கட்டா? ஊட்டாண்ட கத்திரி போட்டுகீறேன்.”

“எங்க மண்ணுதான்க்கா. எவ்ளோ வோணுமோ எடுத்துக்கோ.”

ஏழு கூடை. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு கை கொடுத்தேன். அதுவரை குழந்தை குவியல்மேல் உட்கார்ந்து மண்ணைப் பிசைந்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. “நல்லா இருப்ப நைனா” என்று சொல்லிவிட்டு அவள் பாடி ஊர்ப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

சாப்பிடும்போது இதைப் பெருமையாகச் சொன்னேன். அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

“எந்த ஊரு பொம்பள?”

“தெர்லப்பா.”

எச்சில் கையோடு எழுந்து ஓடினார். நான்கு நாள், பாடி வரை, வாசலில் கத்திரிச்செடி இருந்த வீடெல்லாம் விசாரித்து அலைந்தார். அவள் அகப்படவில்லை. அதன்பின் அவர் கத்திரிக்காயைத் தொட்டதே இல்லை.

எனக்கோ வெட்கமாக இருந்தது. ஏழு கூடை மண்ணைத் திருப்பிக் கேட்க ஊர் ஊராக அலைகிற அளவுக்கு என் அப்பா கஞ்சர் என்று நினைத்தேன்.