குழி மூடுகிற அஷிரலி

அஷிரலி நடக்கும்போது தரையைத்தான் பார்ப்பார். குழி தென்பட்டால் நின்று, பூட்ஸ் காலால் மண்ணை உள்ளே தள்ளி, இரண்டு மிதி மிதித்துவிட்டுத்தான் நகர்வார். டெரெஸ்கென் புதரை வேரோடு பிடுங்கிய குழிகள். மலைமேல் இருக்கும் எங்கள் முர்காப் ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இவைதான் கண்ணில் படும். மூடினால் முளைத்துவிடுமா என்றால், முளைக்காது. ஒரு புதர் வளர ஒரு ஆயுசு வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

"என்ன அண்ணே, பொழுதுபோகலையா?" என்று லாரிக்காரன் சாபிர் சீண்டுவான். வேரை விறகாக விற்றுத்தான் அவன் குடும்பம் ஓடுகிறது.

"நீ தோண்டுற, நான் மூடுறேன். ரெண்டு பேருக்கும் வேலை நடக்குதுல்ல" என்பார்.

அஷிரலி காட்டுச் செம்மறிகளுக்குக் காவலர். அரசாங்கம் கொடுத்த பைனாகுலரில் ஒரு கண்ணாடி கீறல் விட்டிருக்கிறது. அதனால் எதைப் பார்ப்பதென்றாலும் இடக்கண்ணை மூடிக்கொள்வார். நாளடைவில் ஆட்களிடம் பேசும்போதும் அதே பழக்கம் வந்துவிட்டது. வேட்டைக்காரர்களை அவர் பிடித்துவிடுவார்; ஆடுகள் மேயும் சரிவில் வேர் தோண்ட வந்தால் சாபிரையும் பிடிப்பார். ஆனால் ஆடுகளின் பசியை என்ன செய்வது? பனிக்காலத்தில் பனிக்கு மேலே தலைநீட்டி நிற்பது அந்தப் புதர் ஒன்றுதான். அதை நாங்கள் அடுப்பில் வைக்கிறோம். மரமில்லாத ஊரில், நிலக்கரி வாங்க வக்கில்லாதவர்கள் வேறு எதை எரிப்பது? என் வீட்டு அடுப்பிலும் அதே வேர்தான், ஒளிப்பானேன்.

போன வருஷம் செத்துக் கிடந்த ஒரு கிடாயை என்னிடம் காட்டினார். சுருண்ட கொம்பைப் பிடித்துத் தலையைத் திருப்பி, வாயைப் பிளந்தார். பல்லிடுக்கு முழுக்க மண். "வேர் இருந்த எடத்தத் தேடி மண்ணத் தின்னுருக்கு" என்றார்.

ஊரில் வேர் எரியாத வீடு அவருடையது மட்டும்தான். யாக் மாட்டுச் சாண வறட்டியிலேயே காலம் தள்ளினார்கள். அவருடைய மனைவி ஆய்சாரா குளிரோடு இந்தப் பிடிவாதத்தையும் சேர்த்துப் பொறுத்துக்கொண்டாள். இந்தக் குளிர்காலத்தில் பனி இறுகி, மேய வழியில்லாமல் அவர்களுடைய யாக்குகள் செத்துப்போயின. வறட்டியும் தீர்ந்தது. மகன் ரஷ்யாவில் கூலி வேலைக்குப் போயிருக்கிறான். அவன் இன்னும் முகம் பார்க்காத கைக்குழந்தை மார்ச்சளியில் இழுத்துக்கொண்டிருந்தது. அறையைச் சூடாக வையுங்கள், இல்லாவிட்டால் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

சாபிர் கேட்காமலேயே ஒரு மூட்டை வேரை அவர் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அஷிரலி அதை முதுகில் சுமந்துபோய் அவன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். "உன்னப் புடிக்கிற கையால உன்கிட்டயே வாங்கக் கூடாதுப்பா."

அதுவரை வாய் திறக்காத ஆய்சாரா அன்றைக்குத்தான், என் எதிரிலேயே கேட்டாள்: "ஆட்டுக்கு அழுத கண்ணு பேத்திக்கு அழாதா?"

அஷிரலி பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினார். என்னிடம் கழுதையும் கடப்பாரையும் இரவல் கேட்டார். நானும் கூடப் போனேன்.

பக்கத்தில் ஒரு புதர்கூட மிச்சமில்லை. நெடுந்தூரம் நடந்து, அவர் இத்தனை வருஷம் சாபிரை நுழைய விடாமல் காத்த சரிவுக்கே போய்ச் சேர்ந்தோம். எதிர்ச்சரிவில் சில பெட்டை ஆடுகள் பனியைக் கீறிக்கொண்டிருந்தன. நான் காட்டினேன், அவர் நிமிரவில்லை. உறைந்த மண்ணில் கடப்பாரை இறங்க மறுத்தது. இந்த மலையில் அந்த ஆடுகளும் பிழைக்கப்போவதில்லை, நாங்களும் பிழைக்கப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

வேர் ஒருவழியாக வந்தது. மண்ணைத் தட்டி, கழுதை மேல் வைத்துக் கட்டினார். கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய், பூட்ஸ் காலால் மண்ணைக் குழிக்குள் தள்ளி, இரண்டு மிதி மிதித்தார்.