தராசு மார்க் இழைப்புளி

பழைய கருவிகள் விற்கும் அந்தக் கடையில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்றுதான் பெயர். கழுத்துச் சங்கிலியோடு ஒரு பூதக்கண்ணாடியும் எப்போதும் தொங்கும். துருவேறிய சுத்தியலோ ஸ்பானரோ, எது வந்தாலும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, முத்திரையைத் தேடிப் பிடித்து, எந்தக் கம்பெனி, எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவாள்.

"உடம்புக்கு ஒரு வயசு, பிளேடுக்கு ஒரு வயசு இருக்கும் சார். ரெண்டையும் பாக்காம வாயைத் திறக்கக் கூடாது" என்று வாடிக்கையாளர்களைச் செல்லமாகக் கடிந்துகொள்வாள்.

அன்று காலை கடைப்படி ஏறி வந்தவரைக் கண்டதும் அவள் கையிலிருந்த துணி நழுவியது. அண்ணி! அண்ணன் வீட்டோடு பேச்சு அற்றுப்போய் எத்தனை வருடங்கள்!

"என்ன பாத்துட்டே நிக்கிற? வாய்க்கும் துரு பிடிச்சிருச்சா?"

அண்ணி பையிலிருந்து, பலகை சீவும் ஒரு மர இழைப்புளியை எடுத்து மேஜையில் வைத்தார். லென்ஸ் அக்காவின் முகம் வெளுத்தது.

அப்பா தச்சர். அவர் போன பிறகு, அவருடைய இழைப்புளி என்று சொல்லி அண்ணன் இதைத்தான் அவள் கணவனிடம் கொடுத்தான். அவள் கடை வேலைக்குச் சேர்ந்த புதிது. பிளேடில் வட்டத்துக்குள் ஒரு தராசு. அந்த வட்டம் அப்பா காலமான பிறகுதான் கம்பெனி முத்திரையில் சேர்ந்தது என்று அப்போதுதான் கற்றிருந்தாள். அப்பா தன் கருவிகளில் வளைந்த உளியால் அடித்துவைக்கும் மூன்று பிறைகளும் வெளியே எங்கும் தென்படவில்லை.

"அப்பாவோடத வித்துட்டு, எவனோடதையோ எங்க தலையில கட்டுறியா?" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அதை அண்ணன் காலடியில் எறிந்துவிட்டு வந்தவள்தான்.

பிளேடு தேய்ந்தால் மாற்றுவார்கள் என்பது தொழில் பழகப் பழகத் தெரிந்தது. அப்போதே நெஞ்சில் முள் தைத்தது. ஆனால் போய்க் கேட்க முகம் இருந்தால்தானே?

"வீடு மாத்துறோம். உங்கண்ணன் இதை அடுப்புல போடச் சொல்லிட்டாரு. எனக்கு மனசு கேக்கல. அப்பாவோடது இல்லன்னு இப்பவும் நீ சொன்னா, நானே போட்டுர்றேன்."

அவள் இழைப்புளியின் முகப்பைத் துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு கரைந்து, மரத்தில் ஆழமாகப் பதிந்த தராசு வெளிப்பட்டது. அதைச் சுற்றி வட்டம் இல்லை. பழைய காலத்து முத்திரை.

"பிளேடைக் கழட்டேன்" என்றார் அண்ணி.

"பயமா இருக்கு அண்ணி."

"அன்னிக்கு உங்கண்ணனை எதிர்த்துப் பேசும்போது இந்தப் பயம் எங்க போச்சு?"

இறுக்கியிருந்த ஆப்பைத் தட்டிப் பிளேடை உருவினாள். அது சாய்ந்திருந்த மரத்தில், கை படாத இடத்தில், நேற்று அடித்தது போல மூன்று பிறைகள்.

அவள் மேஜை மேலேயே தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அண்ணி அவள் முதுகைத் தடவினார். "பழைய பிளேடு தேஞ்சு துணுக்காட்டம் ஆயிருச்சு. மாப்பிள்ளைக்குக் குடுக்கறத ஒழுங்காக் குடுக்கணும்னு அதே கம்பெனிப் பிளேடு தேடி ஊரெல்லாம் அலைஞ்சாரு. திருடன் மாதிரி நீ பேசினதும் மனுஷன் வாயே திறக்கல."

"அண்ணன் எங்க?"

"ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடுறாராம். எதிர்ல பாரு, காலி இடம் பக்கத்துலயே நின்னுக்கிட்டு!"

இழைப்புளியை மார்போடு அணைத்தபடி அவள் தெருவைக் கடந்து ஓடினாள். நரைத்த தலையோடு அண்ணன் ஹேண்டில்பாரையே முறைத்துக்கொண்டு நின்றான்.

"நான் பாவி, அண்ணா."

"அழாதடி, ரோட்டுல எல்லாரும் பாக்குறாங்க." அவன் ஹேண்டில்பாரை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "பெரிய எக்ஸ்பர்ட்டாமே நீ? எங்க, சொல்லு. என்ன கம்பெனி? யாரோடது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்குச் சொல்வது போலவே சொன்னாள்:

"தராசு கம்பெனி. உடம்பு, அப்பாவோடது." அவன் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பிளேடு, எங்கண்ணன் எனக்காகத் தேடி வாங்கினது."