ஊதா படிந்த அஞ்சல்தலை

சீனத்தோடு நம் நாடு போரிட்ட ஆண்டின் இறுதியில், குன்னூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு நிதிக்கு நகையும் கம்பளியும் குவிந்த நாள்கள் அவை. அஞ்சல்தலை சேர்ப்பதில் எனக்குத் தீராத விருப்பம் உண்டாகையால், ஞாயிறன்று பள்ளி மண்டபத்தில் அஞ்சல்தலைகளை விற்று, வரும் தொகையை நிதிக்கு அனுப்பத் துணிந்தேன். எனினும் என் தொகுப்பில் இரண்டிரண்டாக இருந்தவற்றில் ஒவ்வொன்றை மட்டுமே விற்பனைக்கு ஒதுக்கினேன்.

ஓவிய ஆசிரியர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க புலவரே, நல்லதெல்லாம் ஊட்டுல போர்வைக்குள்ள தூங்குதுங்களா?" என்றார். சிரித்து மழுப்பினேன்.

வெள்ளியன்று மாலை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர் வந்தார். அவர் மகள் என் மாணவி. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்து நீட்டினார். அதில் மலாயா நாட்டு அஞ்சல்தலை ஒன்று, முத்திரை தெளிவாக விழுந்து, அழகாக இருந்தது.

"எங்கிட்ட தங்கம் கெடையாதுங்க சார். இந்தத் தலைய எடுத்துக்கோங்க. கவர மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. எங்கூட்டுக்காரரு கையெழுத்துன்னு இது ஒண்ணுதானுங்க மிச்சம்."

மகள் கைக்குழந்தையாக இருக்கையில் மலாயாவுக்குச் சென்ற கணவர், அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனாராம்.

தலை ஒட்டிய பகுதியைக் கத்தரித்து, நீரில் ஊறவிட்டுப் பிரிப்பதே வழக்கம். உறையைச் சிதைக்கலாகாது என்றெண்ணி, நான் அதை முழுதாகவே வெந்நீர்த் தட்டில் மிதக்கவிட்டேன். முகவரி பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. நீர் அதனை என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன். சற்று நேரத்தில் எழுத்துகளிலிருந்து ஊதா நிறம் கசியத் தொடங்கியது. ஈரம் பட்டால் மையாய்க் கரையும் பென்சில் அது. பதறி எடுப்பதற்குள் முகவரியின் கீழ்ப்பாதி கரைந்து, அஞ்சல்தலையிலும் கறை ஏறிவிட்டது.

மறுநாள், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயனில் அவர் வீட்டு வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் உறையை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"ஊர்ப்பேரு போயிருச்சு..." என்றவர், மேல்வரியில் விரலை வைத்தார். "எம் பேரு நிக்குதுங்களே."

அஞ்சல்தலையையும் நீட்டினேன். "கறை பட்டுருச்சுங்கம்மா. யாரும் வாங்கமாட்டாங்க. நீங்களே வெச்சுக்கோங்க."

"குடுத்தது குடுத்ததுதானுங்க. நாளைக்கு இதையும் வெய்யுங்க." உறையை முந்தானையில் முடிந்துகொண்டே, "நீங்க எதைங்க சார் குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

அவ்வினாவில் குத்தல் ஏதுமில்லை. அறியும் ஆவலே இருந்தது.

ஞாயிறன்று என் தொகுப்பு முழுவதையும் மேசையில் விரித்தேன். ஓவிய ஆசிரியர் அன்று கேலி பேசவில்லை. தாமும் இரண்டு தலைகளை வாங்கிக்கொண்டார். அந்திக்குள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன, ஊதா படிந்த அந்த ஒன்றைத் தவிர. அதற்குரிய விலையை நானே கொடுத்து எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் நான் அஞ்சல்தலை சேர்க்கவில்லை. இன்றும் என் தொகுப்பில் இருப்பது அந்த ஒன்றே. மிஞ்சியதைக் கொடுப்பதையே கொடையென்று நான் நம்பியிருந்த காலத்தை அது என்னை மறக்கவிடுவதில்லை.